ஈறும் இதயமும் தேனீயும்: கொஞ்சம் வரலாறு



தேனீப் பிசினைக் கரைத்து வாய் கொப்பளித்தால் ஈறு நோய் தீரும், அதனால் வரும் ரத்தக்குழாய் அழற்சியும் அடங்கும், மாரடைப்பு கிட்டவே வராது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "உண்மையா டீச்சர்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வரலாற்றைப் பார்த்தால் எது எவ்வளவு உண்மை என்று விளங்கும்.

தேன் மருந்தாக இருந்தது கட்டுக்கதை இல்லை. சுமார் கி.மு. 1600-ஐச் சேர்ந்த எகிப்திய எட்வின் ஸ்மித் சுவடி, காயத்துக்குத் தேனும் கொழுப்பும் வைத்துக் கட்டச் சொல்கிறது. தேனீக்கள் மரப்பிசினைச் சேர்த்துக் கூட்டின் இடுக்குகளை அடைக்கும். அதற்குக் கிரேக்கர் வைத்த பெயர் புரோபோலிஸ். 'நகரத்துக்கு முன்னால்' என்று பொருள். அது அடிபட்ட இடத்துக்கும் சீழ்ப்புண்ணுக்கும் உதவும் என்ற குறிப்பு அரிஸ்டாட்டிலின் விலங்குகள் பற்றிய நூலில் இருக்கிறது.

ஈறுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு வேறு கதை. 1683-இல் ஹாலந்தின் லீவன்ஹூக், தன் பல்லில் படிந்திருந்த வெள்ளை மாவை லென்ஸில் வைத்துப் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைக் கண்டார். 1891-இல் மில்லர் என்ற பல் மருத்துவர், வாயின் கிருமிகள் உடலின் மற்ற பாகங்களிலும் நோயை உண்டாக்கலாம் என்று எழுதினார். இதைப் பிடித்துக்கொண்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூடப் பல்லைப் பிடுங்கினார்கள். எத்தனையோ பேர் நல்ல பற்களை இழந்தார்கள்; நோய் போகவில்லை. நம்பிக்கை ஆதாரத்தை முந்தி ஓடியதன் விலை அது.

1989-இல் பின்லாந்து ஆய்வாளர்கள், மாரடைப்பு வந்தவர்களின் பற்கள் மற்றவர்களுடையதைவிட மோசமாக இருப்பதைக் கண்டார்கள். கேள்வி மறுபடி உயிர் பெற்றது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரில் ஒரு பாதிக்குத் தீவிர சிகிச்சை தரப்பட்டது. மறுநாள் அவர்களின் ரத்தக்குழாய் இயக்கம் சற்றுக் கெட்டது. ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. ஆனாலும் 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம், இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஈறு நோய்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்றே சொன்னது.

இதில் தேனீ எங்கே வருகிறது? புரோபோலிஸில் உள்ள ஒரு பொருள் ஆய்வகத்தில் செல்களின் அழற்சியை அடக்குகிறது. புரோபோலிஸ் கலந்த வாய்க்கொப்பளிப்பு ஈறு வீக்கத்தைக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகளும் உண்டு. அதைக் கொப்பளித்து ஒருவர் மாரடைப்பிலிருந்து தப்பினார் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. செய்தியை எழுதியவர் இந்த இடைவெளியைத்தான் ஒரே தாவலில் தாண்டிவிட்டார்.

ஆகவே பிள்ளைகளே, ஈறில் ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரிடம் போய்க் காரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அந்த வேலையைத் தேனும் பிசினும் செய்யாது. தேனீப் பொருள் ஒவ்வாதவர்கள் புரோபோலிஸைத் தொட வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், யார் எதை அனுப்பினாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.