மூடுபனிக்குள் ஒரு கணக்கு

போன குளிர்கால லீவுக்கு அக்காவின் மகன் குவேக்கர்ஸ் ஹில்லுக்கு வந்திருந்தான். பிளென்டரில் ஒரு காடு செய்துகொண்டிருந்தான். "மாமா, மரம் எல்லாம் சரி. ஆனா வெளிச்சம் கோடு கோடா விழேல்லை" என்றான்.

அடுத்த நாள் காலை ஸ்டேஷன் பக்கம் நல்ல மூடுபனி. யூகலிப்டஸ் மரங்களுக்கு இடையே அவன் தேடிய அதே கோடுகள்! வெளிச்சம் பக்கவாட்டில் போகும்போது நம் கண்ணுக்குத் தெரியாது. பனித்துளியோ தூசியோ புகையோ அதைச் சிதறடித்து நம் பக்கம் திருப்பினால்தான் தெரியும். மரங்களின் நிழல்தான் அதைக் கோடுகளாக வெட்டுகிறது. வீட்டுக்கு வந்ததும் காட்டுக்குள் 'வால்யூம் ஸ்கேட்டர்' சேர்த்தோம். கோடுகள் வந்தன.

பிறகு கேட்டான்: "இதையெல்லாம் கண்டுபிடிச்ச ஆக்களில எங்கட ஆள் ஒருத்தரும் இல்லையா?"

இருக்கிறார். ஆனால் கதை கொஞ்சம் சுற்றி வரும்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்த தமிழர், சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930இல், 19 வயதில், கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அந்தப் பயணத்திலேயே கணக்கிட்டார். 1935 ஜனவரியில் லண்டனில் அதைப் பற்றிப் பேசியபோது, அன்றைய பெரிய விஞ்ஞானி எடிங்டன் எல்லோர் முன்னாலும் அதைக் கேலி செய்தார். சந்திரசேகருக்கு அப்போது வயது 24.

அவர் சண்டையில் தங்கிவிடவில்லை. 1937இல் அமெரிக்கா போய், சிகாகோ பல்கலைக்கழகத்தின் யேர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். 1939இல் நட்சத்திரங்களின் அமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டு, வேறு துறைகளுக்குப் போனார். அவற்றில் ஒன்று: ஒரு நட்சத்திரத்தின் வளிமண்டலத்துக்குள் ஒளி எப்படிப் பயணம் செய்கிறது? அதற்கான பதில் 1950இல் 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' என்ற புத்தகமாக வந்தது.

அதன் மையச் சமன்பாட்டை ஒளிக்கதிரின் வரவு செலவுக் கணக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கதிர் போகும் வழியில் கொஞ்சம் உறிஞ்சப்படும், கொஞ்சம் விலகிச் சிதறும், அது செலவு. வேறு திசைகளிலிருந்து சிதறி வந்து சேர்வது வரவு. மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது.

1984இல் ஜேம்ஸ் கஜியாவும் பிரையன் வான் ஹெர்சனும் மேகத்தையும் பனியையும் கணினியில் வரைய இந்தக் கணக்கையே எடுத்தார்கள். 1986இல் நெல்சன் மேக்ஸ் ஒளிக்கோடுகளை வரைந்து காட்டினார். இன்றைய கேம்கள் கதிரைச் சின்னச் சின்ன அடிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடியிலும் "இங்கே வெயில் படுகிறதா, நிழலா?" என்று பார்த்துக் கூட்டுகின்றன. பிளென்டரில் 'அனிசோட்ரோபி' என்று ஓர் எண் இருக்கிறதே, அதுவும் யேர்க்ஸில் இருந்த ஹென்யி, கிரீன்ஸ்டைன் இருவரும் 1941இல் விண்வெளித் தூசிக்காக எழுதிய சூத்திரம்தான்.

ஆகவே, ஒளிக்கோடுகளைச் சந்திரசேகர் கண்டுபிடித்தார் என்று பெருமையடித்தால் அது பொய். அவர் நட்சத்திரங்களுக்காகப் போட்ட கணக்கு நம் காட்டுக்கும் உதவியது என்பதுதான் உண்மை. கேலிக்கு ஆளான அந்த எல்லை? 1983இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. நட்சத்திரங்களைப் பற்றிய அவருடைய ஆய்வுகளுக்காக.

அந்த 'அனிசோட்ரோபி' எண்ணை 0 இலிருந்து 0.7க்கு மாற்றி, கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பிப் பாருங்கள். மருமகன் அன்று இரவு படுக்கப் போகவே இல்லை.