மூன்று விரல் உப்பு

வைத்தியசாலையை விட்டு வெளியே வரும்போது நம்மவர்களின் கையில் எப்போதும் ஒரு கடதாசி இருக்கும். எந்தக் குளிசையை எப்போது எடுப்பது, எதைக் கண்டால் உடனே திரும்பி வருவது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். தாதி அதை வாசித்துச் சொல்லி, விளங்கியதா என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பேரப்பிள்ளை அதைப் பாதித் தமிழில் அம்மம்மாவுக்குச் சொல்லும். அம்மம்மா தலையாட்டுவார். தாதி தனது பத்திரத்தில் அடையாளம் இட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அந்தத் தலையாட்டலின் பொருள் நமக்குத் தெரியும். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் உன்னை மினக்கெடுத்த எனக்கு விருப்பமில்லை, பிள்ளை.

இந்தத் தலையாட்டலை நம்ப மறுத்தவர்களின் கதை ஒன்று வங்காளத்தில் உண்டு. அது ஓர் அகதி முகாமில் தொடங்கியது என்பதால் நமக்கு இன்னும் நெருக்கமானது.

1971ஆம் ஆண்டு யுத்தத்தில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் ஓடிவந்தார்கள். மழை, சேறு, நெரிசல். கூடவே கொலராவும் வந்தது. கொலரா கடுமையாகப் பிடித்த ஒருவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லீற்றர் அளவுக்குக்கூட நீர் வெளியேறிவிடும். அப்போது வைத்தியர்களுக்குத் தெரிந்த நம்பகமான சிகிச்சை, நரம்பில் ஊசி ஏற்றிச் சேலைன் கொடுப்பதுதான். எல்லைப்புற ஊரான பொங்காவோனின் சிறிய வைத்தியசாலைக்குக் கல்கத்தாவிலிருந்து போன குழந்தை வைத்தியர் திலீப் மகாலனாபிஸ், வாந்தியிலும் மலத்திலும் தரையில் கிடந்த நோயாளரைக் கண்டார். அவர்களுக்கு ஊசி ஏற்றுவதென்றால் அந்த அழுக்கிலேயே முழந்தாளிட வேண்டும். சில நாட்களில் சேலைனும் முடிந்துபோகும் நிலை வந்தது.

உப்போடு குளுக்கோசும் சேர்ந்தால் நோயுற்ற குடலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரு இளம் அமெரிக்க வைத்தியர்கள் அதை நோயாளரிடம் காட்டியும் இருந்தார்கள். ஆனால் அது பழகிய கைகள் அளவு பார்த்துக் கொடுத்த ஆய்வு. முகாமில் அப்படிப்பட்ட கைகள் ஏது?

மகாலனாபிஸ் துணிந்தார். ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா. கல்கத்தாவில் பொதி கட்டி, முகாமில் குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். தாய்மாரும் சகோதரரும் குவளைகளில் பிடித்துப் போய்த் தத்தம் நோயாளருக்குப் பருக்கினார்கள். வெறும் உப்புத்தண்ணீர் என்றால் சனம் நம்பாது என்பதால் 'வாயால் குடிக்கும் சேலைன்' என்று சொன்னார்களாம். பெயரில் ஒரு சின்னத் தந்திரம், ஆனால் பொய்யில்லை. முன்னர் நூற்றுக்கு முப்பது வரை போன மரணம் அவரது பராமரிப்பில் 3.6 ஆகக் குறைந்தது. கலக்கும் முறையைத் துண்டுப்பிரசுரமாகவும் கொடுத்தார்கள். வங்காள விடுதலையாளரின் இரகசிய வானொலியிலும் அது ஒலித்தது. அந்த முகாமில் தாதிமார் யார் என்று கேட்டால், அகதிகளேதான்.

கதையின் மற்றப் பாதி சுதந்திர பங்களாதேஷில் நடக்கிறது. அதைப் பற்றி நம்மவர்கள் பேசுவது குறைவு. பஸ்லே ஹசன் ஆபெத் 1972இல் தொடங்கிய பிராக் என்னும் நிறுவனம், 1980இல் பெண்களைக் குழு குழுவாகக் கிராமங்களுக்கு அனுப்பி, வீடு வீடாகத் தாய்மாருக்கு இந்தக் கரைசலைச் செய்யக் கற்பிக்கத் தொடங்கியது. பக்கற் இல்லை, தராசு இல்லை, அநேக தாய்மாருக்கு எழுத்தும் இல்லை. ஆகவே வீட்டிலுள்ளதே அளவானது. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு. ஒரு கைப்பிடி வெல்லம். அரைச் சேர் தண்ணீர்.

இதைக் கைவைத்தியம் என்று ஏளனமாகக் கடந்து போகலாகாது. உப்புக் கூடினால் குழந்தையின் இரத்தத்தில் உப்பேறி வலிப்பு வரும், உயிரும் போகலாம். நீர் குறைந்தாலும் அதே ஆபத்துத்தான். விரல்களின் எந்த ரேகை வரை உப்பு நிற்க வேண்டும் என்பதுகூடப் பாடத்தில் இருந்தது. சொல்லிவிட்டுப் போகாமல், தாயையே தன் கையால் கரைக்கச் செய்து பார்த்தார்கள்.

நம்மைக் கவர்வது இதற்கு அடுத்த படி. கற்பித்த பெண்ணுக்குச் சம்பளம், எத்தனை வீடு ஏறி இறங்கினாள் என்பதை வைத்துக் கொடுக்கப்படவில்லை. சில வாரம் கழிந்து வேறொருவர் அதே வீடுகளில் சிலவற்றுக்குப் போவார். பாடத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்பார், கரைசலைச் செய்யச் சொல்லுவார், அதில் கொஞ்சத்தை உப்பின் அளவு பார்க்க ஆய்வுகூடத்துக்கு எடுத்துப் போவார். தாய்க்கு எவ்வளவு நினைவிருந்ததோ அந்த அளவுக்கே கற்பித்தவளுக்குக் கூலி. தாய் மறந்தால் குறை தாயிடம் இல்லை என்று ஒரு நிறுவனம் தன் பணத்தை வைத்துச் சொன்னது! உழைப்பாளியின் தலையில் சுமையை ஏற்றும் முறை என்று ஒருவர் வாதிக்கலாம். அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் தலையாட்டலுக்குச் சம்பளம் கிடையாது என்ற அந்த விதி நமக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. தாய்மார் பாடத்தை ஒப்புவித்தார்கள், ஆனால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தபோது அநேகர் அதைக் கொடுக்கவில்லை. ஏன் என்று தேடியபோது ஒரு வெட்கமான உண்மை வெளிப்பட்டது. கற்பித்தவர்களிற் பலருக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. தங்களுக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர்கள் குளிசையைத் தேடிப் போனார்கள். பிறகுதான் அவர்களை அழைத்து, கரைசல் உடலில் எப்படி வேலை செய்கிறது என்று காரணத்தோடு விளக்கினார்கள். இன்னொரு தவறும் இருந்தது. பெண்களோடு மட்டும் பேசியதால் ஆண்கள் ஒதுங்கி நின்று சந்தேகப்பட்டார்கள். பிறகு சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களோடும் பேசினார்கள். 1990இல் திட்டம் முடிந்தபோது ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பெண்கள் போய் வந்திருந்தார்கள்.

இலங்கையில் 'ஜீவனி' என்ற பெயரில் நாம் கண்ட பக்கற், பொங்காவோன் பீப்பாயின் வழியில் வந்ததுதான். மகாலனாபிஸ் 2022 ஒக்ரோபரில் கொல்கத்தாவில் காலமானார். இந்திய அரசு பத்ம விபூஷண் விருதை 2023இல், அவர் இறந்த பின்னர், அறிவித்தது.

அண்மையில் நாம் நமது வீடுகளில் ஒரு சின்னப் பரிசோதனை செய்தோம். வைத்தியசாலையால் வந்த முதியவர்களிடம் கடதாசியை வாங்கி வைத்துக்கொண்டு, "என்ன சொன்னவை, நீங்களே சொல்லுங்கோ பார்ப்பம்" என்று கேட்டோம். ஓர் அம்மம்மா, சலம் போவதற்கான குளிசையைத் தினமும் படுக்கப் போகுமுன் எடுப்பதாகச் சொன்னார். இரவில் நாலைந்து தடவை எழும்ப வேண்டியிருக்கிறது, ஒருமுறை இருட்டில் விழுந்தும் விட்டேன், வயது போனால் அப்படித்தானே என்றார். கடதாசியில் 'காலையில்' என்று இருந்தது.