ஜெனரல் வாஷிங்டனை விட்டு ஓடிப்போன ஹாரி வாஷிங்டன்

கனடாவில் சிலர் தங்கள் பெயருக்குப் பின்னால் 'யு.ஈ.' என்று இரண்டு எழுத்து போட்டுக்கொள்வார்கள். அது டிகிரி இல்லை, விருதும் இல்லை. 'என் மூதாதை ஒரு லாயலிஸ்ட்' என்று அதற்கு அர்த்தம்.

லாயலிஸ்ட்னா யாரு? 1775-ல் வட அமெரிக்காவின் 13 காலனிகள் பிரிட்டனுக்கு எதிராகச் சண்டையை ஆரம்பித்தபோது, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பக்கம் நின்றவர்கள். 1783-ல் போர் முடிந்தது, மன்னர் தோற்றார். அவர் பக்கம் நின்றவர்களில் சுமார் 60,000 பேர் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். அதில் பாதிக்கு மேல் இன்றைய கனடாவுக்குப் போனார்கள். 1789-ல் கியூபெக்கில் கவர்னராக இருந்த லார்ட் டார்செஸ்டர், இவர்களையும் இவர்கள் வாரிசுகளையும் தனியாக அடையாளப்படுத்த ஒரு உத்தரவு போட்டார். அந்த இரண்டு எழுத்து அங்கிருந்து வருகிறது. இன்றைக்கும் அதற்குச் சான்றிதழ் வாங்க முடியும். ஆனால் உங்களில் தொடங்கி அந்த மூதாதை வரைக்கும், ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் காட்டவேண்டும்.

ஒரு வெள்ளைக்கார லாயலிஸ்ட் என்றால் இந்தத் தேடல் ஓரளவு சுலபம். சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு, நிலப் பத்திரம், உயில் எல்லாம் இருக்கும். இதுக்கு மேல ஒரு புதையலும் இருக்கு. போரில் சொத்து இழந்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க லண்டன் ஒரு கமிஷன் அமைத்தது. 3,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, வீட்டில் என்ன சாமான் என்று ஒவ்வொன்றையும் விலையோடு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டியல்களில் மாடு, மேஜை, நாற்காலியோடு சில மனிதர்களின் பெயரும் வரும். இன்னார், இத்தனை வயது, இத்தனை பவுண்டு என்று. அடிமைகள்!

இந்த எபிசோடின் கேள்வி இதுதான். இன்னொருவர் கொடுத்த பில்லில் ஒரு வரியாக மட்டுமே இருந்த மனிதனின் வாழ்க்கையை எப்படித் தேடுவது? அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் ஹாரி வாஷிங்டன். ஆமாம், அந்த வாஷிங்டனேதான். ஹாரியின் முதலாளி ஜார்ஜ் வாஷிங்டன்.

ஹாரி பிறந்தது 1740 வாக்கில், மேற்கு ஆப்பிரிக்காவில், காம்பியா நதிப் பக்கம். 1763-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை விலைக்கு வாங்குகிறார். வர்ஜீனியாவில் 'டிஸ்மல் ஸ்வாம்ப்' என்ற பெரிய சதுப்பு நிலத்தை வடிகட்டி விவசாய நிலமாக்க வாஷிங்டனும் சில கூட்டாளிகளும் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். அங்கேதான் ஹாரிக்கு முதல் வேலை. பிறகு வாஷிங்டனின் சொந்தப் பண்ணையான மவுண்ட் வெர்னனுக்குக் கொண்டுவரப்பட்டு, குதிரை லாயத்தில் வேலை பார்த்தார்.

1771-ல் ஹாரி ஒருமுறை தப்பி ஓடுகிறார். இது எப்படித் தெரியும்? ஓடிப்போன ஹாரியைப் பிடிக்க விளம்பரம் கொடுத்த வகையில் 1 பவுண்டு 16 ஷில்லிங் செலவு என்று வாஷிங்டன் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். சில வாரங்களில் ஹாரி பிடிபட்டுத் திரும்பி வந்தார். ஒரு மனிதன் விடுதலைக்குச் செய்த முதல் முயற்சி, வரலாற்றில் செலவுக் கணக்காகத்தான் பதிவாகியிருக்கு.

நவம்பர் 1775. வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் லார்ட் டன்மோர் ஒரு அறிவிப்பு வெளியிடுகிறார். கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தப்பி வந்து மன்னர் படையில் சேர்ந்தால் அவர்களுக்கு விடுதலை. இதைப் படிச்சுட்டு டன்மோரைப் பெரிய மனசுக்காரர்னு நினைச்சுடாதீங்க. அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். மன்னருக்கு விசுவாசமான முதலாளிகளின் அடிமைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. எதிரியின் பண்ணையைக் காலி செய்ய ஒரு போர்த் தந்திரம், அவ்வளவுதான்.

ஆனால் செய்தி தீயாகப் பரவியது. வாஷிங்டன் போர்முனையில் இருந்தபோது மவுண்ட் வெர்னனைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய உறவினர் லண்ட் வாஷிங்டன். வழி மட்டும் கிடைத்தால் நம் ஆட்களில் ஒருவர்கூட இங்கே தங்கமாட்டார் என்று அந்த வருஷம் டிசம்பரில் அவர் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார்.

1776 ஜூலையில் டன்மோரின் கப்பல்கள் பொட்டோமாக் நதியில் ஏறி வந்தன. மவுண்ட் வெர்னன் இருப்பது அதே நதிக்கரையில். ஹாரி போய்விட்டார். அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த அதே வருஷத்தில் ஹாரி தன் சுதந்திரத்தைத் தேடி எதிர்ப்பக்கம் போனார். பிறகு 'பிளாக் பயனியர்ஸ்' என்ற கறுப்பினப் படைப்பிரிவில் கார்ப்பரல் ஆனார். பயனியர்ஸ் வேலை பெரும்பாலும் துப்பாக்கி பிடிப்பது இல்லை. பள்ளம் வெட்டுவது, அரண் கட்டுவது, முகாமைச் சுத்தம் செய்வது.

இனி நம்ம கதையின் முக்கியமான ஆவணத்துக்கு வருவோம்.

நவம்பர் 30, 1782. பாரிஸில் தற்காலிக சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அதன் 7-வது பிரிவில் கடைசி நேரத்தில் ஒரு வரி சேருகிறது. பிரிட்டிஷ் படை வெளியேறும்போது அமெரிக்கர்களின் அடிமைகளையோ மற்ற சொத்துகளையோ எடுத்துப் போகக்கூடாது என்று. இதைச் சேர்க்கச் சொன்னவர் அமெரிக்கத் தரப்பின் ஹென்றி லாரன்ஸ். எதிரில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி ரிச்சர்ட் ஆஸ்வால்ட். இரண்டு பேருமே பழைய அடிமை வியாபாரிகள். சியரா லியோன் நதியில் இருக்கும் பன்ஸ் தீவில் ஆஸ்வால்டுக்கு அடிமைக் கோட்டை இருந்தது. அங்கிருந்து சார்ல்ஸ்டனுக்கு வந்த மனிதர்களை ஏஜென்டாக இருந்து விற்றுக் கொடுத்தவர் லாரன்ஸ். பன்ஸ் தீவை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

நியூயார்க்கில் பிரிட்டிஷ் படைத் தலைவர் சர் கை கார்ல்டன். மே 6, 1783 அன்று டாப்பன் என்ற ஊரில் அவரை வாஷிங்டன் நேரில் சந்தித்து இந்தப் பிரிவை நினைவுபடுத்துகிறார். அதற்கு முந்தைய வாரமே, தன் சொந்த அடிமைகள் யாராவது நியூயார்க்கில் இருந்தால் பிடித்து வைக்கும்படி ஒருவருக்குக் கடிதமும் எழுதியிருந்தார். கார்ல்டன் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் அறிவிப்பை நம்பி வந்தவர்கள் ஏற்கெனவே விடுதலை பெற்றவர்கள், ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர்கள் யாருடைய சொத்தும் இல்லை, கொடுத்த வாக்கை மீறமுடியாது என்பது அவர் வாதம். பின்னால் நஷ்டஈடு கேட்க நேர்ந்தால் உதவும் என்று, கப்பல் ஏறும் ஒவ்வொருவரையும் ஒரு பதிவேட்டில் எழுதுவதாகச் சொன்னார்.

சுமார் 3,000 பேரின் விவரம் அதில் ஏறியது. பெயர், வயது, உடல்வாகு, முன்னாள் முதலாளி, எப்போது ஓடிவந்தார், எந்தக் கப்பல். இன்று அதை 'புக் ஆஃப் நீக்ரோஸ்' என்கிறார்கள். அந்தச் சொல் இன்று இழிசொல், ஆனால் ஆவணத்தின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பிரதி லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில், இன்னொன்று வாஷிங்டன் நகரில்.

இதைப் புரிஞ்சுக்க ஒரு ஒப்பீடு சொல்றேன். 1850, 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட, அடிமைகளுக்கான பட்டியலில் பெரும்பாலும் வயதும் பாலினமும்தான் இருக்கும், பெயர் இருக்காது. அதற்கும் பல வருஷம் முன்னால் 3,000 பேரைப் பெயரோடு பதிந்த ஆவணம் இது. எழுதப்பட்டது முதலாளிகளின் நஷ்டஈட்டுக்காக. இன்று அதைத் தேடிப் போகிறவர்கள் அந்த மனிதர்களின் வாரிசுகள்.

அதில் ஜூலை 31, 1783, 'லாபாண்டன்ஸ்' கப்பல், போகும் இடம் போர்ட் ரோஸ்வே, நோவா ஸ்கோஷியா. அந்தப் பக்கத்தில் ஹாரி வாஷிங்டன், வயது 43, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் சொத்து, 7 வருஷத்துக்கு முன் அவரை விட்டு வந்தவர் என்ற விவரம் இருக்கிறது. 1783-லிருந்து 7-ஐக் கழித்தால் 1776. டன்மோரின் கப்பல்கள் வந்த வருஷத்தோடு பொருந்துகிறது.

எல்லாப் பதிவும் இவ்வளவு அழகாகப் பொருந்தாது. அதே புத்தகத்தில் டெபோரா என்று 20 வயதுப் பெண். அவரும் ஜெனரல் வாஷிங்டனிடமிருந்து வந்தவர், வந்து சுமார் 4 வருஷம் ஆகிறது என்று இருக்கு. ஆனால் 1781 ஏப்ரலில் பிரிட்டிஷ் போர்க்கப்பலோடு மவுண்ட் வெர்னனிலிருந்து 17 பேர் போனபோது லண்ட் வாஷிங்டன் ஒரு பட்டியல் எழுதினார். அதில் டெபோரா, வயது 16. அப்படிப் பார்த்தால் 2 வருஷம்தான் ஆகியிருக்கவேண்டும். சாஃப்ட்வேர் வேலையில் ஒரே ஒரு லாக்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பார்கள். இரண்டு சிஸ்டத்தின் லாக்கை ஒப்பிட்டால்தான் உண்மையில் என்ன நடந்தது என்று தெரியும். ஆவணக் காப்பகத்திலும் அதே விதிதான். யார் எழுதினார், யார் சொல்லி எழுதினார், எதற்காக எழுதினார் என்ற மூன்று கேள்வியையும் ஒவ்வொரு வரியிடமும் கேட்கவேண்டும்.

சரி, நோவா ஸ்கோஷியாவில் என்ன ஆச்சு? கறுப்பின லாயலிஸ்ட்களுக்கு ஷெல்பர்ன் நகருக்குப் பக்கத்தில் பர்ச்டவுன் என்ற குடியிருப்பு. நிலம் தருவதாகச் சொன்னார்கள். வெள்ளையர்களுக்கு முதலில் கிடைத்தது, இவர்களுக்குத் தாமதமாக, குறைவாக, கல்லும் பாறையுமாக. பலருக்குக் கிடைக்கவே இல்லை. 1784 ஜூலையில், குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று சொல்லி, வேலையில்லாத வெள்ளைச் சிப்பாய்கள் ஷெல்பர்னில் கறுப்பர்களின் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். ஒரே மன்னருக்காகப் போரிட்டு, ஒரே தோல்வியில் ஊரை இழந்து வந்தவர்கள்தான் இரண்டு தரப்பும்.

1791-ல் அடுத்த வாக்குறுதி வருகிறது. லண்டனின் சியரா லியோன் கம்பெனி ஆப்பிரிக்காவில் ஒரு புதிய குடியேற்றம் அமைக்கிறது. நோவா ஸ்கோஷியாவுக்கு ஆள் திரட்ட வந்த ஜான் கிளார்க்சன் என்ற கடற்படை அதிகாரி, நிலம் இலவசம், அதற்கு வருஷாந்திர வரி இருக்காது என்று உறுதி கொடுத்தார். பெயர் கொடுத்தவர்களில் ஹாரியும் ஒருவர், மனைவி ஜென்னியோடு. அவர் எடுத்துப் போன கருவிகள்கூடப் பட்டியலில் இருக்கு. ஒரு கோடாரி, ஒரு ரம்பம், ஒரு பிக்காசு, மூன்று மண்வெட்டி. ஐம்பதைத் தாண்டிய மனிதர், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கக் கிளம்புகிறார்.

ஜனவரி 15, 1792. ஹாலிஃபாக்ஸிலிருந்து 15 கப்பல்கள், சுமார் 1,190 பேர். போய் இறங்கிய இடம்தான் ஃப்ரீடவுன். அதே நதியில், சில மணி நேரப் படகுப் பயண தூரத்தில், பன்ஸ் தீவின் அடிமைக் கோட்டை அப்போதும் வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தது.

வரி இல்லை என்ற வாக்கும் நிற்கவில்லை. கம்பெனி 'க்விட் ரென்ட்' என்று நிலத்துக்கு வரி கேட்டது. குடியேறியவர்கள் வருஷக்கணக்காக எதிர்த்தார்கள். வரி கட்டினால் நிலம் நமதில்லை, மறுபடி கூலிகளாகிவிடுவோம் என்பது அவர்கள் பயம். 1800 செப்டம்பரில் ஒரு பிரிவினர் தாங்களே சட்டம் எழுதி, எந்தப் பொருளுக்கு என்ன விலை என்பது உள்பட, ஊரில் ஒட்டினார்கள். கவர்னர் அதைக் கலகம் என்றார். அந்த நேரம் பார்த்து ஜமைக்கா மரூன்கள் சுமார் 550 பேருடனும் சிப்பாய்களுடனும் ஒரு கப்பல் வந்து சேர, கலகம் அடக்கப்பட்டது. இரண்டு பேருக்குத் தூக்கு. பலரை ஊரை விட்டே துரத்தினார்கள். நதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் புல்லம் கரைக்குத் துரத்தப்பட்டவர்களில் ஹாரி வாஷிங்டனும் ஒருவர். வயது அறுபது.

இப்போ ஆவணங்களை வரிசையா வச்சுப் பாருங்க. 1771 கணக்குப் புத்தகத்தில் ஹாரி ஓடிப்போன சொத்து. 1783 கப்பல் பதிவேட்டில் மன்னரின் பாதுகாப்பு பெற்றவர். 1800 விசாரணையில் அதே மன்னரின் ஆட்சிக்கு எதிரான கலகக்காரர். பேப்பரில் மூன்று வேறு ஆள் மாதிரி தெரியும். ஆனால் மூன்று முறையும் அவர் கேட்டது ஒன்றுதான், தன் உழைப்பு தனக்கு. கொடுக்கிறேன் என்று சொன்னவர் பக்கம் போனார், அவர் வாக்கு மாறியபோது எதிர்த்து நின்றார். 'லாயல்' என்ற சொல்லை அவருக்குப் பயன்படுத்தலாம் என்றால், அந்த விசுவாசம் மன்னருக்கு இல்லை.

ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். அவருக்குச் சொந்தமான 123 அடிமைகளை விடுவிக்க உயில் எழுதியிருந்தார். 1801 ஜனவரி 1 அன்று அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஹாரி அதற்காக 25 வருஷம் மவுண்ட் வெர்னனில் காத்திருக்கவில்லை.

கடைசியா ஒன்று. யு.ஈ. எழுத்துகளுக்குக் காரணமான லார்ட் டார்செஸ்டர் வேறு யாரும் இல்லை, வாஷிங்டனிடம் முடியாது என்று சொன்ன அதே சர் கை கார்ல்டன்தான். பின்னாளில் கிடைத்த பட்டம் அது. அவர் போட்ட ஒரு உத்தரவால் சிலருக்குப் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து கிடைத்தது. அவர் எழுத வைத்த ஒரு பதிவேட்டால் 3,000 பேருக்கு வரலாற்றில் ஒரு பெயர் கிடைத்தது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.