பதிவேட்டில் ஏறாத பிழை: வான்வழிக் கட்டுப்பாட்டில் இடைவெளி இழப்பு குறித்து

வரைபடத்தில் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு கோடும் பெங்களூருவிலிருந்து திருச்சிக்கு ஒரு கோடும் இழுத்தால், இரண்டும் ஏற்காட்டுக்குச் சற்று வடகிழக்கே, சேர்வராயன் மலைமேல் வெட்டிக்கொள்ளும். உண்மையான வான்பாதைகள் இந்த நேர்கோடுகளிலிருந்து விலகியும் வளைந்தும் செல்பவை. ஆனாலும் சேலம், நாமக்கல் சமவெளி எதன் கீழே கிடக்கிறது என்பதை உணர இந்த இரண்டு கோடுகள் போதும். கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் பயணிகள் சேவை மீண்டும் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்காகத் தேர்வான நிலையங்களின் பட்டியலிலும் சேலம் இடம்பெற்றது. மேலே கடந்து போகும் விமானங்களோடு, இனி இங்கேயே ஏறி இறங்கும் விமானங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உயர்வான்வெளியில் இரண்டு விமானங்களுக்கு நடுவே செங்குத்தாக 1,000 அடி இருக்க வேண்டும். அது இல்லாதபோது, ரேடார் கண்காணிப்பு உள்ள இடத்தில், பக்கவாட்டில் 5 கடல்மைல் இருக்க வேண்டும். 29,000 அடிக்கு மேல் முன்பு 2,000 அடியாக இருந்த செங்குத்து இடைவெளி, 2003 நவம்பரில் இந்திய வானில் பாதியாகக் குறைக்கப்பட்டது. 5 கடல்மைல் என்பது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தரையில் அது பெரிய தூரமாகத் தெரியும். எதிரெதிராக வரும் இரண்டு ஜெட் விமானங்கள் அதை ஏறத்தாழ 20 விநாடியில் தின்றுவிடும். அதே வேகத்தில், சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையிலான சுமார் 50 கிலோமீட்டர் இரண்டு நிமிடத்துக்குள் மறைந்துபோகும்.

இந்த இடைவெளி குலையும்போது நம் செய்தித்தாள்கள் வழக்கமாக எழுதும் தொடர் ஒன்று உண்டு: 'மயிரிழையில் உயிர் தப்பினர்.' ஆய்வு நோக்கில் இத்தொடர் எனக்கு ஏற்புடையதன்று. தப்பினார்கள் என்றதும் கதை முடிந்துவிடுகிறது. இடைவெளி எங்கே, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறும்போது குலைந்தது என்ற கேள்வி அப்போதுதான் தொடங்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் ஒருவரின் கவனக்குறைவைவிட, அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்யும் மௌனமே வானில் பெரிய ஆபத்து என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தியாவில் இத்துறை பற்றிய எந்தப் பேச்சும் 1996 நவம்பர் 12 மாலையைத் தாண்டிச் செல்ல முடியாது. டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி போயிங் 747 விமானமும், டெல்லியில் இறங்க வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின் 76 விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். கட்டுப்பாட்டாளர் சவூதி விமானத்தை 14,000 அடியிலும் கஜக் விமானத்தை 15,000 அடியிலும் நிறுத்தியிருந்தார். எதிரே போயிங் வருவதையும் கஜக் விமானத்துக்குச் சொல்லியிருந்தார். அவர் கட்டளையில் பிழை இல்லை. கஜக் விமானம் தனக்குக் கொடுத்த உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதே நீதிபதி லகோட்டி ஆணையத்தின் முடிவு. ஆனால் வேறொன்றையும் பார்க்க வேண்டும். டெல்லியில் அன்று பயன்பாட்டில் இருந்தது முதன்மை ரேடார். அது தூரத்தையும் திசையையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. வருவதும் போவதும் ஒரே வான்தடத்தில். திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்குவதைக் கண்டவருக்கு, நடுவே 1,000 அடி இருக்கிறதா என்று அறிய விமானியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு வழியில்லை. உயரம் காட்டும் ரேடாரும், விமானத்துக்குள்ளேயே மோதல் தவிர்ப்புக் கருவியும் இங்கே கட்டாயமாவதற்கு அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

அந்தக் கருவியின் அருமை 2018 ஜூலை 10 அன்று தெரிந்தது. கோவையிலிருந்து ஹைதராபாத் சென்ற இண்டிகோ விமானமும் பெங்களூருவிலிருந்து கொச்சி சென்ற இண்டிகோ விமானமும் பெங்களூரு வான்வெளியில் 200 அடி உயர வித்தியாசத்துக்கு வந்தன. ஏறக்குறைய நாமக்கல் கோட்டைப் பாறையின் உயரம் அது. இரண்டிலுமாக 328 பயணிகள். கருவி எச்சரித்தது, விமானிகள் விலகினர். ஆனால் கருவி கடைசி வலை. அது வேலை செய்தது என்றால் அதற்கு முந்தைய வலைகளெல்லாம் அறுந்துவிட்டன என்றே பொருள்.

2022 ஜனவரி 7 காலை பெங்களூருவில் நடந்ததை மூன்று நிகழ்வுகளிலும் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அன்று வடக்கு ஓடுபாதை புறப்பாட்டுக்கும் தெற்கு ஓடுபாதை தரையிறக்கத்துக்குமாக இருந்தன. பணிமுறைப் பொறுப்பாளர் தெற்கை மூடி, வடக்கு ஒன்றையே பயன்படுத்த முடிவெடுத்தார். அந்த முடிவு தெற்குக் கோபுரக் கட்டுப்பாட்டாளரிடம் போய்ச் சேரவில்லை. அவர் கொல்கத்தா விமானத்தைப் புறப்பட அனுமதித்தார். அதே நேரத்தில் வடக்குக் கோபுரம் புவனேஸ்வர் விமானத்தை அனுமதித்தது. மேலேறியதும் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கின. அணுகல் ரேடாரில் இருந்தவர் அதைக் கண்டு திசையைப் பிரித்துவிட்டார். இரண்டு விமானங்களிலும் நானூறுக்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

இங்கே கோபுரத்தில் இருந்த இருவரும் தங்களுக்குத் தெரிந்ததை வைத்தே நடந்தார்கள். பிழை அவர்களுக்கு நடுவே இருந்தது. சொல்லப்படாமல் போன ஒரு வாக்கியம் அது. இதனினும் கலங்க வைப்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் முதற்கட்ட விசாரணையில் வெளிவந்தது: நிகழ்வு எந்தப் பணிப்பதிவேட்டிலும் எழுதப்படவில்லை; விமான நிலைய ஆணையமும் தெரிவிக்கவில்லை. பொதுமக்கள் செய்தி வழியே அறிந்தபோது ஏறக்குறைய இரண்டு வாரம் கடந்திருந்தது.

எழுதுவதால் என்ன பயன் என்போருக்கு ஜப்பானும் ஜெர்மனியும் விடை. 2001 ஜனவரி 31 அன்று சுருகா வளைகுடா மேலே, விமான எண்ணை 958 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 907 என்று சொல்லி, ஒரு பயிற்சிக் கட்டுப்பாட்டாளர் தவறான விமானத்தை இறங்கப் பணித்தார். கருவி அவ்விமானத்தை ஏறச் சொன்னது, விமானி இறங்கினார். இரண்டு விமானங்களிலும் இருந்த 677 பேர் பிழைத்தனர், பலர் காயமுற்றனர். கருவியும் கட்டுப்பாட்டாளரும் முரண்பட்டால் யாரைக் கேட்பது என்பது அன்றே உலகுக்குத் தெளிவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பதினேழு மாதம் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே இரண்டு விமானங்கள் மோதியபோது அதே முடிச்சு 71 உயிர்களைக் கொண்டுபோனது. கருவியின் கட்டளையே முதன்மை என்று பன்னாட்டு விதி ஐயமின்றி வகுக்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

பிழையைத் தண்டிக்காவிட்டால் ஒழுங்கு கெடும் என்ற மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதன்று. ஆனால் தண்டனை யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2010-ல் அந்தப் பயிற்சியாளரையும் மேற்பார்வையாளரையும் குற்றவாளிகள் என்றே உறுதிசெய்தது. சுவிட்சர்லாந்தில் ஊபர்லிங்கனுக்காக 2007-ல் தண்டிக்கப்பட்டவர்கள் அந்த வானைக் கவனித்த சுவிஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் மேலாளர்கள் நால்வர். அந்த இரவில் ஒருவரே இரண்டு திரைகளைப் பார்க்கவும், முதன்மைத் தொலைபேசி துண்டிக்கப்பட்டிருக்கவும், மற்றவர் ஓய்வுக்குச் செல்லவும் இடம்கொடுத்த அமைப்பை நீதிமன்றம் கேள்வி கேட்டது. சுவிஸ் வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது. நாவில் எண் மாறுவது எவருக்கும் நேரும். அது நேர்ந்தபின் அதை எழுதாமல் விடுவது முடிவெடுத்துச் செய்வது. தண்டனை இருக்குமானால் அது இரண்டாவதற்கே உரியது; தானே முன்வந்து எழுதியவருக்குச் சட்டக் காப்பு வேண்டும்.

ஒவ்வோர் இடைவெளி இழப்பும், பெயர்கள் நீக்கப்பட்டு, எந்த வான்பகுதியில், எந்தக் கைமாற்றத்தில் நேர்ந்தது என்ற விவரத்தோடு வெளியிடப்பட வேண்டும். சென்னை வான்தகவல் மண்டலத்துக்கு அப்படியொரு பட்டியல் இருந்தால், சேர்வராயன் மேலே வெட்டிக்கொள்ளும் பாதைகளைப் பற்றி நாம் ஊகத்தால் பேச வேண்டியதில்லை. ஜனவரி 7 காலை பெங்களூருப் பதிவேட்டில் தேவைப்பட்டதும் இரண்டே வரி: தெற்கு ஓடுபாதை மூடப்பட்டது, தெற்குக் கோபுரத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை.