லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சைப் படங்கள்

தமிழகத்தின் கோயில்களையும் குன்றுகளையும் நகரங்களையும் அரசுப் பணியாகவே படமெடுத்தவர் லின்னேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊர் திரும்பியிருந்தபோது புகைப்படக்கலையைக் கற்றார். 1855இல் பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு பர்மா சென்று எடுத்த படங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. மறு ஆண்டே சென்னை அரசு அவரைத் தன் புகைப்படக் கலைஞராக நியமித்தது.

1857 டிசம்பரில், வடக்கே சிப்பாய்க் கலகம் அடங்காத வேளையில், டிரைப் பெங்களூரிலிருந்து தெற்கே கிளம்பினார். கண்ணாடித் தகட்டில் ஈரக் கலவை பூசிப் படமெடுக்கும் முறை அப்போது பரவியிருந்தது. அதில் தகடு காய்வதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். டிரைப் பெரும்பாலும் நம்பியது மெழுகேற்றிய காகித நெகட்டிவை. முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், வழியில் உடையாது. ஆனால் ஒளியை மெதுவாகவே வாங்கும். லென்ஸ் நெடுநேரம் திறந்திருக்கும்போது குறுக்கே நடந்தவர்கள் பதிவாவதில்லை. அவருடைய மதுரைப் படங்களில் ஆள்நடமாட்டம் அரிதாயிருப்பதைப் பார்த்து ஊர் வெறிச்சோடிக் கிடந்ததென்று நினைத்துவிடக் கூடாது. வானமும் வெறும் வெள்ளையாகவே விழும். பல நெகட்டிவ்களில் மேகங்களை அவரே தூரிகையால் வரைந்து சேர்த்தார்.

மதுரையில் யானைமலையின் மொட்டைப் பாறை, தெப்பக்குளம், விளக்குத்தூண் எல்லாம் அவர் கேமராவுக்குள் வந்தன. திருமலை நாயக்கர் மகாலை எடுத்த படங்கள் தனி மதிப்புள்ளவை. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது பழுதுபார்ப்பு தொடங்குவதற்கு முன், அது எவ்வளவு சிதைந்து நின்றது என்பதற்கு அவையே சாட்சி.

தஞ்சையில் அவர் செய்த வேலை இன்னும் அரியது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சியாக்கினார். இராசராசன் காலத்து அந்த எழுத்துகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் படித்து அச்சில் வெளியிடத் தொடங்கியது 1891இல்தான். அந்த வெளியீட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தின் உருவம் காகிதத்தில் ஏறிவிட்டது.

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் அரசுக்காகப் படமெடுப்பதை ஆடம்பரச் செலவாகக் கருதிப் பணியை நிறுத்தினார். டிரைப் படைப்பணிக்கே திரும்பினார். அதன்பின் மிகச் சில படங்களே எடுத்தார். 1902இல் காலமானார். அவர் தயாரித்த தொகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உள்ளன.