யாழ்ப்பாணத்து அரசனும் மேற்றிசை யாத்திரிகனும்

எமது ஊரின் பெயர் மருதனார்மடம். கந்தர்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம் என மடத்தின் பெயராலே வழங்கும் இடங்கள் யாழ்ப்பாணத்தில் வேறும் உள. மடமென்பது துறவியர் உறைவிடம் மாத்திரமன்று. வழிச்செல்வோர் வெயிலுக்கு ஒதுங்கி, நீரருந்தி, இரவு தங்கிச் செல்லும் இடமுமாம். தலயாத்திரை செய்வோரைப் பேணுதலை எம் முன்னோர் அறமெனக் கொண்டனர் என்பதற்கு இப்பெயர்களே போதிய சான்றாகும். அவ்வறத்தினை யாழ்ப்பாணத்து அரசன் ஒருவன் அயல்நாட்டு யாத்திரிகன் ஒருவனுக்குச் செய்த வரலாற்றினை ஈண்டு ஆராய்வாம்.

அவ்யாத்திரிகன் இபன் பதூதா என்பான். அவன் 1304ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டின் தஞ்சியர் பட்டினத்திற் பிறந்தான். அந்நாடு அற்லஸ் மலைத்தொடரும், சகாராப் பாலையும், இரு கடல்களின் கரையும் உடையது. எமது இலக்கண வழக்கிற் கூறின், குறிஞ்சியும் பாலையும் நெய்தலும் ஒருங்கமைந்த நாடென்னலாம். இருபத்தோராம் வயதில், 1325இல், மக்கா யாத்திரையை எண்ணிப் புறப்பட்டவன், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எகிப்து, அரேபியா, பாரசீகம், இந்தியா, மாலைதீவு முதலிய நாடுகளிலே திரிந்தான். அவன் கூறியவற்றை இபன் யுசை என்னும் அறிஞர் எழுதி, 1355இல் நூலாக்கி முடித்தார்.

1344ஆம் ஆண்டிலே அவன் மாலைதீவினின்றும் மாபர் என்று அராபியர் வழங்கிய தமிழ்நாட்டுக் கரையை நோக்கிக் கப்பலேறினான். காற்று அவனை வழிதப்பச் செய்தது. ஒன்பதாம் நாளிலே இலங்கை தோன்றிற்று. கடலினின்று நோக்கியபொழுது சிவனொளிபாதமலை புகைத்தூண்போல வானளாவி நின்றதாக அவன் கூறுகின்றான். கரை கண்டும் மாலுமிகள் மகிழ்ந்திலர். 'இத்துறை ஆரியச்சக்கரவர்த்திக்கு உரியது. அவனுடைய கப்பல்கள் கடலிலே கொள்ளையிடுவன' என்று அஞ்சினர். கப்பல் அமிழ்ந்துவிடுமென அஞ்சிய இபன் பதூதா, தான் மட்டும் கரையிறங்கி அரசனைக் கண்டு உடன்பாடு பெறத் துணிந்தான். மாபர் சுல்தானுடைய மனைவியும் அவன் தில்லியில் மணந்த மனைவியும் உடன்பிறந்தோராதலின், அவ்வுறவினை எடுத்துரைத்துத் தன்னை அறிமுகஞ் செய்தான்.

அரசன் அப்பொழுது பத்தாலா என்னும் பட்டினத்தில் இருந்தான். இது புத்தளம் என்பர் ஆராய்ச்சியாளர். மரத்தாலாய மதிலும் கொத்தளங்களும் சூழ்ந்த சிறிய அழகிய பட்டினம் அது. மலைவெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தனவாம். அரசன் யாத்திரிகனை எழுந்து வரவேற்றுத் தன் பக்கத்தில் இருத்தினான். அவனுக்குப் பாரசீக மொழி விளங்கும். ஆதலின் பிறநாட்டு மன்னர்களைப் பற்றிய செய்திகளை மூன்று நாள்வரை விரும்பிக் கேட்டான். முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துகளை அவன்முன் வைத்து ஏவலர் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். அரசன் அவற்றுட் சிலவற்றை வழங்கி, 'வேறு யாது வேண்டும்? நாணாது கேட்க' என்றான். யாத்திரிகன் வேண்டியது பொன்னன்று, பொருளுமன்று. 'இத்தீவுக்கு வந்த நாள்முதல் என் வேட்கை ஒன்றே. ஆதம் நபியின் திருப்பாதத்தைக் காணல் வேண்டும்' என்றான்.

அரசன் அதனை எளிதென்றான். பல்லக்கு ஒன்றும் அதனைச் சுமப்போரும் அளித்தான். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தன் பரிவாரத்தார் பதின்மர், உணவுப்பொருள் சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் துணையாக விடுத்தான். இஸ்லாமியன் ஒருவன் தன் நபியின் பாதத்தைத் தரிசிக்கச் செல்ல, சைவ மன்னன் யோகியரையும் பிராமணரையும் வழித்துணையாக்கிய செயல் எந்நாட்டு வரலாற்றிலும் எளிதிற் காணக் கிடைப்பதன்று.

வழியோ கொடியது. முதல்நாள் ஆற்றங்கரையிலே தங்கி, மூங்கிற் தெப்பத்தால் ஆற்றைக் கடந்தனர். பின்னர் அரசனுடைய ஆட்சியெல்லையில் அமைந்த மன்னார் மண்டலி என்னும் ஊரை அடைந்தனர். அதன்மேல் சிலாபம் எனக் கருதப்படும் துறையைக் கடந்து, ஓடைகள் நிறைந்த கரடுமுரடான காட்டிற் புகுந்தனர். அங்கே யானைகள் மிகுதி. பின்னர்ப் பேரரசன் ஒருவனுடைய தலைநகராகிய குனக்கார் என்னும் நகரத்தை அடைந்தனர். அது குருநாகல் என்பர் ஒருசாரார். வேறு நகரென்பர் ஏனையோர். குரங்குகள் மலிந்த மலைகளையும், ஈரமான புல்லிலும் மரத்திலுமிருந்து பாய்ந்து குருதி குடிக்கும் அட்டைகளையும் யாத்திரிகன் வியந்து விவரிக்கின்றான். அட்டைக் கடிக்கு மருந்தாக எலுமிச்சம்பழத்தைக் கையிற் கொண்டு சென்றனராம். இன்று மலைநாட்டுக்குச் செல்லும் எம் மாணவரும் இதனைச் செய்கின்றனரே!

மலையுச்சிக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று பாவா ஆதமின் பெயரால் வழங்கியது. மற்றையது அவர்தம் துணைவியாராகிய ஏவாளின் பெயரால் வழங்கியது. பின்னையது எளிது, ஆதமின் வழி செங்குத்தானது. கடின வழியால் ஏறி எளிய வழியால் இறங்குவோரே யாத்திரையை நிறைவுறச் செய்தோராகக் கருதப்பட்டனர். இபன் பதூதா அவ்வாறே செய்தான். பாறையிற் படிகள் வெட்டி, இரும்புமுளைகள் அடித்து, ஏறுவோர் பற்றிக்கொள்ளச் சங்கிலிகள் பத்துத் தொங்கவிடப்பட்டிருந்தன. பத்தாவது சங்கிலியிலே நின்று கீழே நோக்குவோர் அச்சத்தால் கலிமாச் சொல்வராதலின், அதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அவனுக்கு அரை நூற்றாண்டின் முன்னர் எழுதிய மார்க்கோ போலோவும் இம்மலைச் சங்கிலிகளைக் குறிப்பிட்டிருத்தலால், இச்செய்தி வலியுறுகின்றது. குகையொன்றில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் திருப்பாதத்தைத் தரிசித்தபின், தெய்வேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாக மீண்டும் புத்தளம் சேர்ந்தான்.

நிற்க, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளற்பாலது யாது? யாழ்ப்பாண அரசினைப் பற்றி இருவேறு மிகைக் கூற்றுகள் உள. ஆரியச்சக்கரவர்த்திகள் கடற்கொள்ளைத் தலைவர் அன்றி வேறல்லர் என்பது ஒன்று. இலங்கை முழுவதும் அவர் ஆட்சிக்குட்பட்டிருந்தது என்பது மற்றொன்று. இரண்டையும் இபன் பதூதாவின் நூல் மறுக்கின்றது. கப்பலோட்டிகள் அஞ்சிய அதே அரசன், பன்மொழி அறிந்தவனாய், முத்து வாணிபத்தைத் தானே மேற்பார்வை செய்தவனாய், விருந்தோம்பும் பண்பினனாய்க் காணப்படுகின்றான். அவனுடைய கப்பல்கள் நூறு, சிறியனவும் பெரியனவுமாக, மாபர்க் கரைக்கு வந்ததைத் தான் கண்டதாகவும் யாத்திரிகன் எழுதியுள்ளான். இது கொள்ளைக் கூட்டமொன்றின் நிலையன்று. கடல்வலி படைத்த அரசொன்றின் நிலையாம். கப்பமாக மலைநாடு, தாழ்நாடு, ஒன்பது துறைகள் ஆகியவற்றினின்றும் ஆரியச்சக்கரவர்த்தி பொருள் பெற்றதாகச் சிங்கள நூலாகிய இராஜாவலியவும் கூறும். கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவிற் கிடைத்த தமிழ்ச் சாசனமும் சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைப் பாடுகின்றது.

ஆயினும், எமது பெருமை சான்றினை மீறிச் செல்லலாகாது. மன்னார் மண்டலியோடு அவ்வரசனுடைய எல்லை முடிந்தது என்றும், குனக்காரிலே வேறொரு மன்னன் ஆண்டான் என்றும், கொழும்பிலே ஜாலஸ்தி என்னும் தலைவன் அபிசீனிய வீரர் ஐந்நூற்றுவருடன் இருந்தான் என்றும் அதே யாத்திரிகன் கூறுகின்றான். ஒரு சாட்சியின் கூற்றில் எமக்கு இனியதை மட்டும் எடுத்து, ஏனையவற்றை ஒதுக்கிவிடுதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று.

சாட்சியின் நம்பகம் பற்றியும் ஆராய்தல் வேண்டும். பல ஆண்டுகளின் பின்னரே நினைவினின்று இந்நூல் சொல்லப்பட்டது. இலங்கை அரசன் வழங்கிய முத்துகளையும் மணிகளையும், மாபரை விட்டுச் சென்றபின் மேலைக்கரையிலே கடற்கொள்ளைக்காரர் பறித்துக்கொண்டனர். எனினும், அவன் கூறிய இடங்கள் பல பிற சான்றுகளால் உறுதிப்படுகின்றன. தெய்வேந்திரமுனையிலே பெருங்கோயிலொன்றைக் கண்டதாக அவன் கூறினான். அங்குறைந்த தேனவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் அளித்த காணிக்கைகளை, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி விரிக்கின்றது. அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தனர். கோயில் அழிந்தது, யாத்திரிகன் சொல் நின்றது.

இனி, யாத்திரையின் பயனைப் பற்றி ஒரு சொல். எமது நாட்டிலே மலையில்லை, ஆறில்லை. 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டியும் ஓடவில்லை. அக்காலத்திற் பள்ளி சென்ற என்போன்றோர் மலையென்பதைப் பூமிசாத்திரப் படத்திலன்றிக் கண்டிலேம். 2,243 மீற்றர் உயரமுடைய சிவனொளிபாதமலையின் பெயரை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதினோம். அதன் குளிரை அறிந்திலேம். ஆசிரியனான பின்னரே, மாணவர் சிலருடன் நள்ளிரவிற் படியேறி, ஞாயிறு எழுவதை உச்சியினின்று காணும் பேறு கிட்டிற்று. எம்முடன் ஏறியோர் புத்தர் பாதமென்றனர், சிவன் பாதமென்றனர், ஆதமின் பாதமென்றனர். படியிலே களைத்திருந்த மூதாட்டி ஒருவருக்கு எம் மாணவன் கைகொடுத்தபொழுது, அவர் எவர் பாதத்தைத் தேடி வந்தார் என்று அவன் வினவவில்லை.

ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளின் முன்னர்ப் புத்தளத்திலே ஆரியச்சக்கரவர்த்தி செய்ததும் அதுவே. வந்தவன் யார், எச்சமயத்தான் என்பதை அறிந்தும், அவன் செல்ல விரும்பிய இடத்துக்கு வழியும் துணையும் கொடுத்தான். மடங்களின் பெயரைத் தாங்கிய ஊர்களிலே வாழும் எமக்கு, அவ்வரசனின் வாள்வெற்றிகளினும் இச்செயலே நினைவுகூரத் தக்கதாகும். மாணவர்காள்! சரித்திரத்தை நூலிற் படிமின். வாய்ப்புக் கிட்டும்பொழுது காலாலும் படிமின்.