பேப்பர் மூன் (திரைப்படம்)

பேப்பர் மூன் 1973 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படமாகும். பீட்டர் பக்தனோவிச் இதனை இயக்கியுள்ளார். ஜோ டேவிட் பிரவுன் எழுதி 1971 இல் வெளியான ஆடி பிரே என்னும் புதினத்தைத் தழுவி ஆல்வின் சார்ஜென்ட் திரைக்கதையை அமைத்தார். 1930களின் பெரும் பொருளாதாரப் பின்னடைவுக் காலத்தில், கன்சாஸ் மாநிலத்தின் ஊர்கள்தோறும் சென்று மக்களை ஏமாற்றிப் பிழைக்கும் ஒருவனும், தாயை இழந்த ஒன்பது வயதுச் சிறுமியும் மேற்கொள்ளும் பயணமே இதன் கதையாகும். முதன்மை வேடங்களில் நடித்த ரையன் ஓ'நீலும் டேட்டம் ஓ'நீலும் உண்மை வாழ்விலும் தந்தையும் மகளும் ஆவர். இப்படத்திற்காகச் சிறந்த துணை நடிகைக்கான அக்காதமி விருதினை (ஆஸ்கார்) டேட்டம் தமது 10 ஆவது வயதில் பெற்றார்.

கதைச் சுருக்கம்

(படத்தின் முடிவு இப்பகுதியில் கூறப்பட்டுள்ளது.)

மோசஸ் பிரே, சுருக்கமாக மோஸ், தனக்கு முன்பு பழக்கமான ஒரு பெண்ணின் அடக்கத்திற்கு வருகிறான். அவளது மகள் ஆடிக்கு வேறு ஆதரவில்லை. இருவரின் தாடையும் ஒன்றுபோல் உள்ளதே என்று அங்குள்ளோர் ஐயுறுகின்றனர். மோஸ் அதனை மறுக்கிறான். ஆயினும் சிறுமியை மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரிலுள்ள அவளது அத்தை வீட்டில் சேர்ப்பதாக ஒப்புக்கொள்கிறான்.

போகும் வழியில், தாயின் சாவுக்குக் காரணமான வாகன விபத்தை ஏற்படுத்தியவனின் உடன்பிறந்தானைச் சந்தித்து, வழக்குப் போடுவதாக மிரட்டி 200 டாலர் பெறுகிறான் மோஸ். அதில் ஒரு பகுதியைத் தன் மகிழுந்துக்குச் செலவிட்டுவிட்டு, ஆடிக்குத் தொடருந்துப் பயணச்சீட்டு வாங்கித் தருகிறான். பணம் பற்றிய பேச்சைக் கேட்டிருந்த ஆடி, உணவகத்தில் எல்லோர் காதிலும் விழும்படி "என் 200 டாலரைக் கொடு" எனக் கேட்கிறாள். பணம் திரும்பும் வரை அவளை உடன் அழைத்துச் செல்வதைத் தவிர மோசுக்கு வேறு வழியில்லை.

விரைவில் ஆடி அவனது தொழிலைக் கற்றுக்கொண்டு அவனையே விஞ்சுகிறாள். திருவிழா ஒன்றில் சந்திக்கும் டிரிக்சி டிலைட் என்னும் பெண்ணிடம் மோஸ் மயங்கிப் பணத்தை வாரி இறைக்கும்போது, டிரிக்சியின் பணிப்பெண் இமோஜினுடன் சேர்ந்து ஆடி ஒரு சூழ்ச்சி செய்து அவளை விலக்குகிறாள். பின்னர், கள்ளச் சாராய வணிகன் ஒருவனின் சரக்கைத் திருடி அவனிடமே விற்கின்றனர். அவனுடைய உடன்பிறந்தான் காவல் அதிகாரி என்பது பிறகே தெரியவருகிறது. ஆடி பணத்தைத் தன் தொப்பிக்குள் மறைத்துவைத்ததால் இருவரும் காவலிலிருந்து தப்புகின்றனர். எனினும் மிசூரியில் மோஸ் பிடிபட்டு, அடியுண்டு, பணம் முழுவதையும் இழக்கிறான்.

ஆடியை அத்தை வீட்டில் விட்டுவிட்டு மோஸ் தனியே செல்கிறான். அன்பான, வசதியான அந்த வீட்டை விட்டு ஓடிவந்து, சாலையில் நிற்கும் அவனை ஆடி அடைகிறாள். அவன் ஏற்க மறுக்க, இன்னும் 200 டாலர் பாக்கி என்று அவள் நினைவூட்டுகிறாள். அவ்வேளையில் அவர்களது பழைய சுமையுந்து சரிவில் தானே உருளத் தொடங்க, இருவரும் அதன் பின்னே ஓடி ஏறிக்கொள்வதுடன் படம் முடிகிறது.

நடிகர்கள்

* ரையன் ஓ'நீல் - மோசஸ் பிரே
* டேட்டம் ஓ'நீல் - ஆடி
* மேட்லின் கான் - டிரிக்சி டிலைட்
* பி. ஜே. ஜான்சன் - இமோஜின்
* ஜான் ஹில்லர்மேன் - சாராய வணிகன், காவல் அதிகாரி (இரட்டை வேடம்)
* ராண்டி குவைட் - பண்ணை இளைஞன்

படத்தில் வரும் ஏமாற்று முறைகள்

மோசின் முதன்மைத் தொழில் விவிலிய விற்பனையாகும். செய்தித்தாளில் இறப்பு அறிவிப்புகளைப் படித்து, அண்மையில் கணவனை இழந்த பெண்ணின் பெயரைப் பொன்னெழுத்துகளில் ஒரு விவிலியத்தின் மீது பொறித்துக்கொண்டு அவள் வீட்டிற்குச் செல்வான். கணவர் உயிருடன் இருந்தபோது மனைவிக்குப் பரிசாக இதனைக் கேட்டிருந்தார் என்று கூறுவான். கணவரின் கடைசி அன்பளிப்பு என்று நம்பி அப்பெண் மீதிப் பணத்தைத் தந்து வாங்கிக்கொள்வாள். துயரத்தையே மூலதனமாக்கும் இந்த முறை, படத்தின் நகைச்சுவைக்கு அடியில் ஒரு நெருடலை ஏற்படுத்துகிறது. வீட்டையும் ஆளையும் பார்த்து விலையை முடிவு செய்பவள் ஆடி. செல்வம் மிக்கவளிடம் விலையை உயர்த்துகிறாள். பல குழந்தைகளுடன் வறுமையில் வாடும் பெண்ணுக்கோ இலவசமாகவே கொடுத்துவிடச் செய்கிறாள்.

இரண்டாவது, சில்லறை மாற்றும் தந்திரம். சிறு பொருளொன்றைப் பெரிய நோட்டுக் கொடுத்து வாங்கி, மீதியைப் பெற்றபின், அதனை மீண்டும் பெரிய நோட்டாக மாற்றித் தருமாறு கேட்பர். ஒரு பரிமாற்றம் முடியும் முன்பே மற்றொன்றைத் தொடங்கிப் பேச்சுக் கொடுப்பதால், கடைக்காரர் கணக்குத் தவறித் தம் பணத்தையே சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது, அடையாளமிட்ட நோட்டு. ஒருவர் பிறந்தநாள் வாழ்த்து எழுதிய 20 டாலர் நோட்டினைக் கடையில் கொடுத்து மாற்றிச் செல்வார். சற்று நேரத்தில் ஆடி வந்து சிறிய நோட்டொன்றைக் கொடுத்துப் பொருள் வாங்கி, தான் கொடுத்தது 20 டாலர் என்று அழுவாள். நோட்டின் மீதுள்ள எழுத்தைச் சொல்ல, பெட்டியில் அது இருப்பதால் கடைக்காரரால் மறுக்க முடியாது. குழந்தை பொய் சொல்லாது என்னும் பொது நம்பிக்கையே இங்கு கருவியாகிறது.

வரலாற்றுப் பின்னணி

அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு 1933 இல் முடிவுக்கு வந்தது. ஆனால் கன்சாஸ் மாநிலம் 1881 முதல் 1948 வரை தன் சொந்த மதுவிலக்கைக் கடைப்பிடித்தது. 1930களின் நடுப்பகுதியில் நிகழும் இக்கதையில் கள்ளச் சாராய வணிகன் இடம்பெறுவதன் காரணம் இதுவே. குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் மீது ஆடி வைத்திருக்கும் பற்றும் அக்கால எளிய மக்களின் மனநிலையைக் காட்டுகிறது.

தயாரிப்பு

இக்கதையை முதலில் ஜான் ஹியூஸ்டன் இயக்குவதாகவும், பால் நியூமனும் அவர் மகளும் நடிப்பதாகவும் இருந்தது. அத்திட்டம் கைவிடப்பட்ட பின் படம் பக்தனோவிச்சிடம் வந்தது. அவர் அதற்கு முன் தி லாஸ்ட் பிக்சர் ஷோ (1971), வாட்ஸ் அப், டாக்? (1972) ஆகிய வெற்றிப் படங்களை இயக்கியிருந்தார். முன்பு நடித்தறியாத டேட்டமை இவ்வேடத்திற்குப் பரிந்துரைத்தவர், படத்தின் தயாரிப்பு வடிவமைப்பாளரும் பக்தனோவிச்சின் முன்னாள் மனைவியுமான பாலி பிளாட் ஆவார்.

புதினத்தின் களம் அலபாமா மாநிலமாகும். திரைப்படத்திற்காக அது கன்சாசு, மிசூரி மாநிலங்களுக்கு மாற்றப்பட்டு, அங்குள்ள ஊர்களிலேயே படப்பிடிப்பு நடைபெற்றது. பரந்த சமவெளியும் ஆளற்ற நேர்ச்சாலைகளும் இருவரின் தனிமையை உணர்த்தத் துணைசெய்தன.

படம் முழுவதும் கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்ஸ் சிவப்பு வடிகட்டியைப் பயன்படுத்தினார். இது நீல வானத்தை இருளச் செய்து மேகங்களை எடுப்பாகக் காட்டும். இவ்வழியைக் கூறியவர் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் ஆவார். படத்தொகுப்பினை வெர்னா ஃபீல்ட்ஸ் மேற்கொண்டார். படத்திற்கெனத் தனியே இசையமைக்கப்படவில்லை. அக்காலப் பாடல்களும் வானொலி நிகழ்ச்சிகளும் மட்டுமே ஒலிக்கின்றன.

படத்தின் பெயர் 1933 ஆம் ஆண்டுப் பாடலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. காகித நிலா என்பது இதன் பொருள். திருவிழாக்களில் அட்டையாலான பிறைநிலாவில் அமர்ந்து நிழற்படம் எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். படத்தில் ஆடி அந்நிலாவில் தனியாக அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறாள்; அருகிலுள்ள இடம் வெறுமையாக இருக்கிறது. இறுதியில் மோசுக்காக அவள் விட்டுச்செல்வது அப்படத்தையே.

வரவேற்பும் விருதுகளும்

சுமார் 25 இலட்சம் டாலர் செலவில் உருவான இப்படம் ஏறத்தாழ 3 கோடி டாலர் ஈட்டியது. நான்கு அக்காதமி விருதுகளுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. அவற்றுள் துணை நடிகைப் பிரிவில் டேட்டமும் மேட்லின் கானும் ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்தனர். தழுவிய திரைக்கதை, ஒலி ஆகியவை மற்ற இரண்டாம்.

1974 ஏப்ரல் 2 அன்று விருது பெற்றபோது டேட்டமின் வயது 10 ஆண்டுகள் 148 நாட்கள். போட்டிப் பிரிவில் அக்காதமி விருது வென்றவர்களுள் மிக இளையவர் இவரே. எனினும் படத்தின் பெரும்பகுதியில் தோன்றும் ஆடியை முதன்மைப் பாத்திரமாகவே கருதவேண்டும், துணைப் பிரிவில் சேர்த்தது பொருத்தமன்று என்னும் விவாதம் தொடர்ந்து எழுகிறது. குழந்தையின் நடிப்பு படத்தொகுப்பில் உருவாக்கப்பட்டது என்று ஐயுறுவோருக்கு, மகிழுந்தில் இருவரும் சண்டையிடும் வெட்டில்லாத நீண்ட காட்சி விடையாக அமைகிறது.

பிற்கால நிகழ்வுகள்

1974 இல் ஏபிசி தொலைக்காட்சி இக்கதையைத் தொடராக ஒளிபரப்பியது. அதில் ஆடியாக ஜோடி ஃபாஸ்டரும் மோசாக கிறிஸ்டோபர் கானலியும் நடித்தனர். 13 அத்தியாயங்களுடன் அது நிறைவுற்றது. புதினமும் பின்னர் படத்தின் பெயரிலேயே மறுபதிப்பாக வெளிவந்தது.

ரையன், டேட்டம் ஆகியோரின் உறவு பிற்காலத்தில் பல்லாண்டுகள் முறிந்திருந்தது. டேட்டம் 2004 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலுக்கு இப்படத்தின் பெயரை நினைவூட்டும் வகையில் எ பேப்பர் லைஃப் எனப் பெயரிட்டார். பக்தனோவிச் 2022 சனவரியிலும், ரையன் ஓ'நீல் 2023 திசம்பரிலும் காலமாயினர். மோஸ் ஆடியின் தந்தைதானா என்னும் வினாவிற்குப் படம் இறுதிவரை விடை தருவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.